அண்ணனின் குடிக்கு ஆன்லைன் சிகிச்சை: பணம் கட்டலாமா?

கேள்வி: என் அண்ணனுக்கு 43 வயது. பதினைந்து வருடமாகக் குடிக்கிறார். கடைசி நான்கைந்து வருடமாகத் தினமும். காலையில் கொஞ்சம் குடித்தால்தான் கை நடுக்கம் நின்று வேலைக்குக் கிளம்ப முடிகிறது. இரண்டு வருடம் முன்னால் வைராக்கியமாக ஒரேயடியாக நிறுத்தியபோது இரண்டாம் நாள் வலிப்பு வந்து மருத்துவமனையில் சேர்த்தோம். வீட்டுக்கு வந்த ஒரு மாதத்தில் மறுபடி ஆரம்பித்துவிட்டார். அதிலிருந்து மருத்துவமனை என்றாலே வேண்டாம் என்கிறார், யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பயம். இப்போது ஒரு புதிய ஸ்டார்ட்அப் கம்பெனியின் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு அவராகவே "இதில் சேர்கிறேன்" என்கிறார். 90 நாள் திட்டம், வீடியோ காலில் டாக்டர், வாரம் ஒரு கவுன்சிலிங், கூரியரில் மாத்திரை, ஆப்பில் 24 மணி நேரமும் சாட். "100% ரகசியம், யாருக்கும் தெரியாது" என்றும், பத்தில் ஒன்பது பேருக்குமேல் குணமாகிறது என்றும் போட்டிருக்கிறார்கள். மூன்று மாதப் பணத்தையும் முன்னாலேயே கட்ட வேண்டும். நம்பலாமா? இன்னொன்று, இவர் பாதியில் விட்டுவிட்டால் சாப்பாட்டில் தெரியாமல் மாத்திரை கலந்து கொடுக்கலாமா என்று அண்ணி கேட்கிறார்.

பதில்:

வணக்கம் சகோதரி. கம்பெனியைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள், வலிப்பைப் பற்றி ஒரு வரிதான். எனக்கு அந்த ஒரு வரிதான் முதலில் கண்ணில் பட்டது, அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இந்த மாதிரித் திட்டத்தில் அண்ணன் சேரலாம். ஆனால் குடியை நிறுத்தும் அந்த முதல் வாரத்தை மட்டும் ஆப்பை நம்பிக் கடக்கக் கூடாது. அந்த வாரம் மருத்துவமனையில், அதற்குப் பிறகு வரும் மாதங்கள் வேண்டுமானால் போனில். வரிசை மாறினால் உயிருக்கே ஆபத்து, பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை.

காரணம் இதுதான். வருடக்கணக்கில் தினமும் குடிப்பவரின் மூளைக்கு மது ஒரு நிரந்தரமான பிரேக் போல ஆகிவிடுகிறது. மது மூளையை அமைதிப்படுத்தும் பக்கமாகவே இழுத்துக்கொண்டிருப்பதால், அதைச் சமாளிக்க மூளை தன்னுடைய தூண்டும் பக்கத்தைக் கூட்டி வைத்துக்கொள்ளும். திடீரென்று மதுவை எடுத்துவிட்டால் கூட்டி வைத்தது மட்டும் மிஞ்சும், அதை அடக்க ஆள் இருக்காது. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரத்திலேயே தொடங்கலாம். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் ஆறிலிருந்து 48 மணி நேரத்துக்குள் வரும், உங்கள் அண்ணனுக்கு வந்த மாதிரி. இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது: இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரைக்குள் வரக்கூடிய டெலிரியம் ட்ரெமென்ஸ். ஆள் இடம், நேரம் புரியாமல் பிதற்றுவார், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், காய்ச்சலும் இதயத் துடிப்பும் ஏறும். சிகிச்சை கிடைக்காவிட்டால் அதில் இறப்பவர்கள் உண்டு.

ஒரு முறை நிறுத்தும்போது வலிப்பு வந்தவருக்கு அடுத்த முறை நிறுத்தும்போதும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஒவ்வொரு முறை நிறுத்தி, மறுபடி தொடங்கி, மறுபடி நிறுத்தும்போதும் அந்த அறிகுறிகள் முன்பைவிடக் கடுமையாக வரும் போக்கு இருக்கிறது. ஆகவே "போன தடவை சமாளித்துவிட்டோமே" என்று வீட்டில் யாராவது சொன்னால், அது இந்த விஷயத்தில் நேர் எதிரான கணக்கு.

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், எல்லோருக்கும் மருத்துவமனைப் படுக்கை தேவையில்லை. வலிப்பு வந்த வரலாறு இல்லாதவர், வேறு பெரிய நோய் இல்லாதவர், அறிகுறிகள் லேசாக இருப்பவர், கூடவே பொறுப்பான ஒரு ஆள் வீட்டில் இருப்பவர் என்றால் தினமும் ஒரு டாக்டர் பார்த்துக்கொள்ள வீட்டிலிருந்தே நிறுத்தலாம். உலகம் முழுக்க அப்படிச் செய்கிறார்கள். உங்கள் அண்ணன் அந்தப் பட்டியலில் இல்லை, அவ்வளவுதான்.

அந்த ஐந்தாறு நாட்களில் மருத்துவமனையில் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரிந்தால் பயம் கொஞ்சம் குறையலாம். சில மணி நேரத்துக்கு ஒரு முறை நாடி, ரத்த அழுத்தம், நடுக்கம், குழப்பம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதற்கு ஏற்ப டயசெபம், குளோர்டயசெபாக்சைட், ஈரல் மோசமாக இருந்தால் லோராசெபம் போன்ற மருந்துகளைக் கூட்டிக் குறைத்துக் கொடுத்து, பிறகு படிப்படியாக நிறுத்துவார்கள். வைட்டமின் பி1, அதாவது தயமின், பெரும்பாலும் ஊசியாகவே போடுவார்கள். நெடுநாள் குடிப்பவர்களுக்கு அது உடம்பில் மிகவும் குறைந்திருக்கும், அந்தக் குறையால் நினைவாற்றலே நிரந்தரமாகப் போய்விடும் நிலை வரலாம். இதில் எதையும் வாரம் ஒரு வீடியோ கால் செய்ய முடியாது. நாடி பிடிக்க முடியாது, ராத்திரி மூன்று மணிக்கு வலிப்பு வந்தால் அந்தத் திரை ஒன்றும் செய்யாது. இன்னும் மோசம், டயசெபம் மாதிரி மருந்தைக் கூரியரில் அனுப்பிவிட்டு, அவர் அதை மதுவோடு சேர்த்து விழுங்கினால் மூச்சே அடங்கிப் போகலாம்.

அதுவரைக்கும் என்ன செய்வது? இது கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனாலும் சொல்கிறேன்: மருத்துவமனையில் சேரும் வரை அவரை வீட்டில் பூட்டி வைத்தோ பாட்டிலை ஒளித்து வைத்தோ திடீரென்று நிறுத்த வைக்காதீர்கள். கூட்ட வேண்டாம், ஆனால் ஒரேயடியாக வெட்டவும் வேண்டாம். வண்டி ஓட்ட விடாதீர்கள். நடுவில் வலிப்பு, பிதற்றல், காய்ச்சலோடு நடுக்கம், தொடர்ந்து வாந்தி, இதில் எது வந்தாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுங்கள், ஆப்பில் சாட் செய்துகொண்டிருக்காதீர்கள்.

சரி, இப்போது கம்பெனி விஷயத்துக்கு வருவோம்.

ஆன்லைனில் போதைச் சிகிச்சை என்றாலே ஏமாற்று என்று சொல்லும் டாக்டர்கள் இருக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. குடிநோயில் பெரிய சிக்கல் நிறுத்துவதில் இல்லை. உங்கள் அண்ணனே ஒரு முறை நிறுத்தியிருக்கிறார். அதற்குப் பிறகு வரும் ஒரு வருடத்தில்தான் பெரும்பாலானவர்கள் விழுகிறார்கள். அந்த ஒரு வருடத்தில்தான் அவர்களை டாக்டர்கள் பார்ப்பதும் இல்லை: டிஸ்சார்ஜ் ஆனவர் முதல் மறுபரிசோதனைக்கு வருவார், இரண்டாவதற்கு லீவு கிடைக்கவில்லை என்பார், மூன்றாவதுக்கு ஆளே இருக்க மாட்டார். வாரம் இருபது நிமிடம் போனில் பேச முடியும், வரிசையில் உட்கார வேண்டாம், தெரிந்தவர் யாரும் பார்க்க மாட்டார்கள் என்றால் அந்த இடைவெளி குறையும். வெட்கத்தாலேயே வராத ஆட்களை உள்ளே கொண்டுவருவது சின்ன விஷயமில்லை. உங்கள் அண்ணன் இரண்டு வருடம் கழித்துத் தானாகச் சரி என்று சொல்லியிருப்பதே அந்த விளம்பரத்தால்தானே.

இதற்கு ஆதாரமும் இருக்கிறது, ஆனால் விளம்பரங்கள் அதைக் கையாளும் விதத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. அமெரிக்காவில் 2008-இல் வந்த ரயன் ஹெய்ட் சட்டப்படி, கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை நேரில் பார்க்காமல் இணையம் வழியாக எழுதிக்கொடுப்பது பொதுவாகத் தடை செய்யப்பட்டிருந்தது. 2020-இல் கோவிட் வந்தபோது அதைத் தளர்த்தி, ஹெராயின், வலி மாத்திரை போன்ற ஓபியாய்டு போதைக்குக் கொடுக்கும் ப்யூப்ரெனார்ஃபின் மருந்தை வீடியோ, போன் வழியாகவே தொடங்க அனுமதித்தார்கள். டெலிமெடிசின் மூலம் சிகிச்சை பெற்றவர்கள் மருந்தை விடாமல் தொடர்ந்ததும், அளவு மீறி ஆபத்துக்குள்ளாவது குறைந்ததும் 2022-இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. இன்றைக்கு இருக்கும் பல ஸ்டார்ட்அப்கள் அந்த அலையில் வளர்ந்தவைதான். ஆனால் ஓபியாய்டை நிறுத்தும்போது வரும் வேதனை எவ்வளவு கொடியதாக இருந்தாலும், அந்த வேதனையாலேயே உயிர் போவது அபூர்வம். மதுவை நிறுத்தும்போது அப்படிச் சொல்ல முடியாது. ஒன்றுக்குக் கிடைத்த நல்ல முடிவை எடுத்து இன்னொன்றின் விளம்பரத்தில் ஒட்டினால் படிப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

இந்தக் கம்பெனி எப்படிப்பட்டது என்று கண்டுபிடிக்க உங்களிடம் ஒரு நல்ல வழி இருக்கிறது, வேறு யாரிடமும் இல்லாத வழி. பணம் கட்டுவதற்கு முன் பேசும் அந்த இலவச அழைப்பில் அண்ணனுக்கு ஏற்கெனவே வலிப்பு வந்ததைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். "பரவாயில்லை மேடம், எங்கள் கிட்டில் எல்லாம் இருக்கிறது, இன்றைக்குச் சேர்ந்தால் தள்ளுபடி" என்று பதில் வந்தால் போனை வைத்துவிடுங்கள், மேற்கொண்டு விசாரிக்கத் தேவையில்லை. "அப்படியானால் முதலில் மருத்துவமனையில் சேர்த்து நிறுத்துங்கள், டிஸ்சார்ஜ் ஆனதும் எங்களிடம் வாருங்கள்" என்று, கைக்கு வந்த பணத்தைத் தள்ளிப்போட ஒரு கம்பெனி தயாராக இருந்தால், அங்கே மருத்துவம் தெரிந்த ஒருவர் முடிவெடுக்கும் இடத்தில் இருக்கிறார் என்று அர்த்தம்.

அவர்களாகவே அந்தக் கேள்வியைக் கேட்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம். பல ஆப்களில் ஆரம்பத்தில் ஒரு "சுய பரிசோதனை" வரும். பெரும்பாலும் அது உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ஆடிட் என்னும் பத்துக் கேள்விப் பட்டியல், அல்லது அதன் நகல். மொத்தம் 40 மதிப்பெண், எட்டும் அதற்கு மேலும் வந்தால் குடி ஆபத்தான அளவில் இருக்கிறது, இருபதும் அதற்கு மேலும் வந்தால் அடிமையாகியிருக்க வாய்ப்பு அதிகம் என்று எடுத்துக்கொள்வார்கள். நல்ல கருவிதான். ஆனால் அதில் காலையில் குடிக்க வேண்டியிருக்கிறதா என்ற கேள்வி இருக்கிறதே தவிர, நிறுத்தியபோது வலிப்பு வந்ததா என்ற கேள்வி இல்லை. அதை ஒரு மனிதர்தான் கேட்க வேண்டும்.

மற்றபடி விசாரிக்க வேண்டியவை: டாக்டரின் பெயர், பதிவு எண், அவர் மனநல மருத்துவரா, போதைச் சிகிச்சையில் அனுபவம் உள்ளவரா. "எங்கள் நிபுணர் குழு" என்பது பதில் ஆகாது. ஒவ்வொரு முறையும் அதே டாக்டர்தானா அல்லது அன்றைக்கு யார் கிடைக்கிறாரோ அவரா? மாத்திரை எழுதுவதற்கு முன் ஈரல், சிறுநீரகப் பரிசோதனை கேட்பார்களா? கேட்க வேண்டும். ஏனென்றால் குடி ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன் கொடுப்பதற்கு முன் ஈரல் எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும், அவர் ஓபியாய்டு வகை வலி மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் அதைக் கொடுக்கவே கூடாது. அகாம்ப்ரோசேட் ஈரல் கெட்டவர்களுக்குக்கூடக் கொடுக்கலாம், ஆனால் அது சிறுநீரகம் வழியாக வெளியேறுவது, அங்கே பழுது இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும் அல்லது தவிர்க்க வேண்டும். ஒரு கேள்வியும் கேட்காமல் எல்லோருக்கும் ஒரே கிட் அனுப்பும் இடத்தில் இதையெல்லாம் யார் பார்ப்பார்கள்? இன்னொரு பக்கம், மருந்தே வேண்டாம், மன உறுதி போதும், தியானம் போதும் என்று சொல்லும் கம்பெனியும் சரியில்லை. நால்ட்ரெக்சோனுக்குக் குடிநோய்க்கான அமெரிக்க அனுமதி 1994-இலேயே வந்துவிட்டது, அகாம்ப்ரோசேட்டுக்கு 2004-இல். இத்தனை வருடம் கழித்தும் இந்த மருந்துகள் தேவையானவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைக்காமல் இருப்பதே எங்கள் துறையின் வெட்கக்கேடு.

24 மணி நேர சாட் என்கிறார்களே, அதில் மறுமுனையில் இருப்பது யார் என்று கேளுங்கள். கணினி பதில் சொல்கிறதா, பயிற்சி பெற்ற ஆலோசகரா, விற்பனை ஆளா? "சாகலாம் போலிருக்கிறது" என்று அவர் எழுதினால் அந்த நிமிடம் என்ன நடக்கும்? குடியை நிறுத்திய முதல் வாரங்களில் மனச்சோர்வு சாதாரணமாக வருவது, இது கற்பனைக் கேள்வி இல்லை. உருப்படியான இடத்தில் இதற்குத் தயாராக ஒரு பதில் இருக்கும்: வீட்டில் யாரைக் கூப்பிடுவார்கள், எந்த மருத்துவமனைக்கு அனுப்புவார்கள் என்று.

பத்தில் ஒன்பது பேர் குணமாகிறார்கள் என்ற கணக்கை மறந்துவிடுங்கள். யாரை வைத்து எண்ணினார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 90 நாளும் தாக்குப்பிடித்தவர்களை மட்டும் எடுத்து, அவர்கள் ஆப்பில் தாங்களே "குடிக்கவில்லை" என்று அழுத்தியதை வைத்துக் கணக்குப் போட்டால் எந்தக் கம்பெனியும் ஒன்பது காட்டலாம். நடுவில் காணாமல் போனவர்கள் அந்தக் கணக்கிலேயே வர மாட்டார்கள். போதை நோய்களில் மறுபடி விழுவது 40 முதல் 60 சதவீதம் என்று அமெரிக்காவின் தேசிய போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் சொல்கிறது, ரத்த அழுத்தம், ஆஸ்துமா நோயாளிகள் மருந்தை விட்டுவிட்டு மறுபடி அவதிப்படுவதும் ஏறக்குறைய இதே அளவுதான். ஆகவே நாற்பதாவது நாள் அண்ணன் ஒரு முறை குடித்துவிட்டால் திட்டத்தில் என்ன ஆகும் என்று கேளுங்கள். "விதிமீறல், திட்டம் ரத்து, பணம் திரும்பக் கிடையாது" என்றால் அவர்களுக்கு இந்த நோயே புரியவில்லை. அடுத்த நாளே டாக்டரோடு ஒரு அழைப்பு, மருந்தில் மாற்றம் தேவையா என்று பார்ப்பது, அதுதான் நடக்க வேண்டியது.

ரகசியம். இதுதான் அண்ணனை இழுத்த சொல், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மோனுமென்ட் என்று ஒரு அமெரிக்க ஸ்டார்ட்அப், குடிநோய்க்கு ஆன்லைன் சிகிச்சை தருவது. அவர்களும் "100% ரகசியம்" என்றுதான் சொல்லியிருந்தார்கள். அங்குள்ள ஃபெடரல் டிரேட் கமிஷன் 2024-இல் வைத்த குற்றச்சாட்டு என்னவென்றால், 2020-க்கும் 2022-க்கும் இடையில் 84,000 பேர் வரையிலான பயனர்களின் விவரம் அவர்களின் தளத்திலிருந்த கண்காணிப்பு நிரல்கள் வழியாக மெட்டா, கூகுள் போன்ற விளம்பரக் கம்பெனிகளுக்குப் போயிருக்கிறது. உடல்நல விவரங்களை விளம்பரத்துக்காகப் பகிரத் தடை, 25 லட்சம் டாலர் அபராதம். கட்டப் பணமில்லை என்பதால் அந்த அபராதம் நிறுத்தி வைக்கப்பட்டது. அதே ஆண்டு செரிப்ரல் என்ற மனநல ஆன்லைன் கம்பெனி மீதும் நடவடிக்கை வந்தது. ஏறக்குறைய 32 லட்சம் பேரின் விவரங்கள் வெளியே போனதோடு, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு உறைகூட இல்லாத விளம்பர அட்டைகளைத் தபாலில் அனுப்பியிருக்கிறார்கள், பெயரும், என்ன சிகிச்சை எடுக்கிறார் என்று ஊகிக்கக்கூடிய வாசகமும் மேலேயே தெரியும்படி. சந்தாவை ரத்து செய்வதைச் சிக்கலாக்கி வைத்திருந்ததும் அந்தக் குற்றச்சாட்டில் ஒன்று.

இதைச் சொல்வது உங்களைப் பின்வாங்க வைக்க அல்ல. மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் யாரோ ஒருவர் பார்த்துவிடுவார் என்று பயப்படும் ஒரு மனிதர், ஒரு ஆப்பில் தன் முழு வரலாற்றையும் தட்டச்சு செய்யும்போது எந்தப் பயமும் இல்லாமல் இருக்கிறார், அந்தக் கணக்கு சரியில்லை என்பதற்காக. சேர்ந்தால் தனி மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், முகநூல் கணக்கு வழியாக உள்ளே நுழைய வேண்டாம், போனில் உள்ள தொடர்பு எண்கள், இருப்பிடம் ஆகியவற்றைப் பார்க்க ஆப்புக்கு அனுமதி தர வேண்டாம். பூட்டிய திரையில் "இன்று குடிக்காமல் இருந்தீர்களா?" என்று அறிவிப்பு வந்தால் பக்கத்து நாற்காலிக்காரர் படித்துவிடுவார், அதை அணைத்து வையுங்கள். கூரியர் பொட்டலத்தின் மேல் என்ன எழுதியிருக்கும் என்றும் கேட்டுவிடுங்கள். ஆனால் "யாருக்கும் தெரியாது" என்பதை வீட்டுக்குள்ளும் அனுமதிக்காதீர்கள். அண்ணிக்கோ உங்களுக்கோ, ஒருவருக்காவது, என்ன மருந்து, எந்த டாக்டர், அடுத்த அழைப்பு எப்போது என்பது அவருடைய சம்மதத்தோடு தெரிந்திருக்க வேண்டும். குடும்பத்தில் ஒருவரையும் சேர்த்துப் பேசுவதற்கு ஒரு அழைப்பாவது ஒதுக்காத திட்டம் அரைகுறைத் திட்டம்.

மூன்று மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள், மாதா மாதம் என்றால் மட்டும் சேருங்கள். கெட்ட கம்பெனி என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை, நல்ல கம்பெனியும் மூடிவிடும். பியர் தெரபியூடிக்ஸ் என்ற நிறுவனத்தின் ரீசெட் என்ற மென்பொருள், போதைச் சிகிச்சைக்கென்று டாக்டர் எழுதிக்கொடுக்கும் செயலியாக 2017-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அனுமதியைப் பெற்ற முதல் செயலி. ஆய்வு, அனுமதி எல்லாம் கையில் இருந்தது. 2023 ஏப்ரலில் திவால் மனு போட்டார்கள். ஒரு ஸ்டார்ட்அப்பின் ஆயுள் முதலீட்டாளரின் பொறுமையைப் பொறுத்தது, உங்கள் அண்ணனின் நோய் அப்படியில்லை. அதனால் ஒவ்வொரு மருந்துச் சீட்டையும், பரிசோதனை முடிவையும் ஆப்பிலிருந்து இறக்கி உங்களிடம் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். நேரில் போய்ப் பார்க்கக்கூடிய ஒரு டாக்டரையும் கைவசம் வைத்திருங்கள், முதல் வாரச் சிகிச்சை கொடுத்தவரே அதற்குப் போதும்.

அண்ணியின் கேள்விக்கு வருகிறேன். கூடாது. அவர் எவ்வளவு வெறுத்துப்போய் இதைக் கேட்கிறார் என்று புரிகிறது, எனக்கு இந்தக் கேள்வி புதிதும் இல்லை, ஆனாலும் கூடவே கூடாது. இப்படிக் கலக்கப்படுவது பெரும்பாலும் டைசல்ஃபிரம். மதுவை உடம்பு உடைக்கும் வழியில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப் பொருள் நடுவில் உருவாகும். அதை அடுத்த கட்டத்துக்கு அனுப்பும் நொதியை இந்த மாத்திரை முடக்கிவிடும். இதை எடுத்துக்கொண்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, தலை வெடித்து, வாந்தியும் ரத்த அழுத்த வீழ்ச்சியும் வரும், இதயம் பலவீனமானவர் என்றால் அதோடு போய்விடவும் கூடும். "குடித்தால் இப்படி ஆகும்" என்று தெரிந்து, அந்தப் பயத்தாலேயே குடிக்காமல் இருப்பதுதான் அந்த மருந்து வேலை செய்யும் விதம். தெரியாதவருக்கு அந்தப் பயம் எங்கிருந்து வரும்? அவர் வழக்கம்போலக் குடிப்பார், நடுத்தெருவில் சுருண்டு விழுவார், எதனால் என்று டாக்டருக்கும் தெரியாது. கடைசி மாத்திரைக்குப் பிறகும் இரண்டு வாரம் வரை இந்த விளைவு உடம்பில் இருக்கும். அவரே சம்மதித்து, டாக்டர் இதயத்தையும் ஈரலையும் பார்த்துவிட்டு எழுதி, குடித்துக் குறைந்தது 12 மணி நேரமாவது கடந்த பிறகு தொடங்கி, தினமும் காலையில் அண்ணியின் கையால் எடுத்துக்கொண்டால் அதே மாத்திரை நல்ல மாத்திரை. இணையத்தில் "மணமில்லாத, சுவையில்லாத குடி நிறுத்தும் பொடி" என்று விற்கிறார்களே, அதில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியுமோ என்னவோ. அந்தப் பக்கமே போகாதீர்கள். அப்புறம், ஒரு நாள் அவருக்கு உண்மை தெரியவந்தால் உங்கள் யார் கையாலும் அவர் எந்த மாத்திரையையும் வாங்க மாட்டார்.

பாதியில் விட்டுவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அண்ணியின் உண்மையான பயம் என்று நினைக்கிறேன். அதற்கு வேறு வழி இருக்கிறது. குடிப்பவரை எப்படிக் கையாள்வது என்று குடும்பத்தினருக்கே பயிற்சி கொடுக்கும் க்ராஃப்ட் என்ற முறை. குடிக்காத நேரத்தில் அன்பாகவும் நெருக்கமாகவும் இருப்பது, குடித்திருக்கும் நேரத்தில் சண்டையும் போடாமல் கவனிப்பும் கொடுக்காமல் ஒதுங்கிக்கொள்வது, அவர் குடித்ததால் வரும் சிக்கல்களை ஓடிப்போய்ச் சரிசெய்யாமல் இருப்பது (அலுவலகத்துக்கு "காய்ச்சல்" என்று போன் போடுவது யார்? அண்ணிதானே?), சிகிச்சைப் பேச்சை எடுக்கச் சரியான நேரம் பார்ப்பது, இவையெல்லாம் அதில் வரும். 1999-இல் வெளியான ஒரு ஆய்வில், சிகிச்சைக்கே வர மறுத்த குடிநோயாளிகளில் 64 சதவீதம் பேரை இந்தப் பயிற்சி பெற்ற குடும்பத்தினர் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார்கள். எல்லோரும் கூடி உட்கார்ந்து ஆளை மடக்கிப் பேசும் முறையில் அது 30 சதவீதம்தான். இந்தப் பயிற்சியை ஆன்லைனிலேயே எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கம்பெனி குடும்பத்துக்கு இப்படி ஏதாவது தருகிறதா என்று கேளுங்கள், தந்தால் அண்ணன் சேருவதற்கு முன்னால் அண்ணியே சேர்ந்துவிடலாம்.

அண்ணனிடம் எப்படிச் சொல்வது? அவர் ஆப்பைப் பற்றிப் பேசும்போது "அதெல்லாம் ஃபிராடு" என்று ஆரம்பித்தால் கதை முடிந்தது, மறுபடி இரண்டு வருடம் போகும். அவர் தேர்ந்தெடுத்ததை அவரிடமே விட்டுவிடுங்கள். காலையில், நடுக்கம் அடங்கிய பிறகு, போதை ஏறாத நேரமாகப் பார்த்து, "நீங்கள் சொன்ன திட்டத்திலேயே சேரலாம் அண்ணா, போன தடவை வலிப்பு வந்ததால் முதல் ஐந்தாறு நாள் மட்டும் டாக்டர் பக்கத்தில் இருக்க வேண்டுமாம், அதற்குப் பிறகு எல்லாம் போனிலேயே" என்று சொல்லிப் பாருங்கள். போதை மறுவாழ்வு மையம் என்ற பலகை உள்ள இடம்தான் வேண்டும் என்பதில்லை. மனநல மருத்துவர் இருக்கும் ஒரு பொது மருத்துவமனையின் சாதாரண வார்டில் இதைச் செய்யலாம், பார்க்க வருபவர்களுக்கு அவர் காய்ச்சலுக்குப் படுத்திருப்பவர்தான். வலிப்பு வந்ததை மட்டும் அங்கே மறைக்காதீர்கள், எவ்வளவு குடிக்கிறார் என்பதையும் குறைத்துச் சொல்லாதீர்கள், மருந்தின் அளவே அதை வைத்துத்தான்.

டிஸ்சார்ஜ் ஆகும் நாளுக்கு அடுத்த நாளே ஆன்லைன் டாக்டரோடு முதல் அழைப்பு இருக்கும்படி முன்கூட்டியே நேரம் வாங்கிவிடுங்கள். போன தடவை விழுந்த அந்த ஒரு மாதத்துக்குள் குறைந்தது நான்கு அழைப்புகளாவது நடக்கட்டும். வார்டில் தொடங்கிய மருந்துகளின் பெயர், அளவு, எந்தத் தேதிவரை என்று எழுதிய டிஸ்சார்ஜ் சம்மரியை அந்த டாக்டர் படித்துவிட்டாரா என்று முதல் அழைப்பிலேயே கேளுங்கள்.